வெயிலுக்கு ஒதுங்க எங்கே போகலாம்? ஒஸ்லோக் குடும்பங்களுக்குக் கோடை விடுமுறைக் குறிப்புகள்

நோர்வேயில் இருந்துகொண்டு குளிர்ச்சியான இடம் தேடுகிறீர்களா என்று ஊரில் உள்ளவர்கள் கேட்பார்கள். ஒஸ்லோவின் ஜூலைச் சராசரி 18 பாகை செல்சியஸை ஒட்டியதுதான். ஆனால் வெப்ப அலை வரும் வாரங்களில் இங்கத்தைய 30 பாகையைத் தாங்குவது ஊரைவிடச் சிரமம். வீடுகள் சூட்டை உள்ளே பிடித்துவைப்பதற்கென்றே கட்டப்பட்டவை. கூரையில் மின்விசிறி கிடையாது. பெரும்பாலான மாடிவீடுகளில் குளிரூட்டியும் கிடையாது. ஜூன் கடைசியில் சூரியன் இரவு 10.40க்குப் பிறகு மறைந்து, விடிகாலை நாலு மணிக்கு முன்னரே எழும்பிவிடும். மேற்குப் பார்த்த அறை ஆறி முடிவதற்குள் அடுத்த நாள் வெயில் தொடங்கிவிடுகிறது.

முன்பு ஜூலை என்றதும் ஸ்பெயினுக்கும் கிரேக்கத்துக்கும் பறந்தோம். 2021 ஆகஸ்ட் 11இல் சிசிலியில் 48.8 பாகை பதிவானது. 2022 ஜூலை 19இல் இங்கிலாந்திலேயே 40.3 பாகை. சின்னப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் அந்த வெயிலுக்குள் கூட்டிப்போகத் தயங்கும் குடும்பங்கள் இப்போது கூடி வருகின்றன. பாரிஸிலும் லண்டனிலும் இருக்கும் உறவுகள்கூட, “உங்கட பக்கம் வரட்டோ?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். இடத்தைத் தெரிவு செய்வதற்கு உதவும் குறிப்புகள் இவை.

1. முதலில் உயரத்தைப் பாருங்கள், வடக்கைப் பிறகு பார்க்கலாம். குளிர் வேண்டும் என்றதும் வரைபடத்தில் மேலே மேலே போகத் தோன்றும். அது எப்போதும் கைகொடுக்காது. 2025 ஜூலையில் ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயும் 30 பாகையைத் தாண்டிய நாள்கள் அடுத்தடுத்து வந்தன. உயரம் கூடுதல் நம்பிக்கைக்கு உரியது. 100 மீற்றர் ஏறினால் சராசரியாக 0.6 முதல் 0.7 பாகை வரை குறையும். ஒஸ்லோத் துறைமுகத்தில் 28 பாகை என்றால் 1,000 மீற்றர் உயரத்தில் 21 அல்லது 22தான் இருக்கும். தங்குமிடம் பார்க்கும்போது, வாடகையைக் குறித்துக்கொள்வதற்கு முன்பு அந்த இடம் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் கணிப்பில் 800 மீற்றருக்கு மேலே போனால் வெப்ப அலை வாரத்திலும் இரவில் போர்வை தேவைப்படும்.

சுற்றிலும் மலை இருப்பதால் மட்டும் ஓர் ஊர் குளிர்ந்த ஊராகிவிடாது. ஹல்லிங்டால் பள்ளத்தாக்கின் அடியில் உள்ள நெஸ்பீயன் என்ற ஊரில்தான் நோர்வேயின் அதியுயர் வெப்பநிலை பதிவானது: 1970 ஜூன் 20, 35.6 பாகை. அதே பள்ளத்தாக்கில் காரில் ஒரு மணி நேரம் மேலே ஏறினால் ஏறக்குறைய 800 மீற்றர் உயரத்தில் யைலோ வரும். இரண்டையும் ஒரே ‘மலைப்பகுதி’ என்று விளம்பரங்களில் போடுவார்கள். தங்கிப் பார்த்தவர்களுக்கு வேறுபாடு முதல் இரவிலேயே தெரியும்.

2. கார் இல்லாதவர்களுக்கு ஃபின்சே. 1909இல் முழுமையாகத் திறக்கப்பட்ட ஒஸ்லோ–பேர்கன் ரயில் பாதையில், 1,222 மீற்றர் உயரத்தில் இருக்கிறது இந்த நிலையம். நோர்வேயின் மிக உயரமான ரயில் நிலையம் இதுதான். ஒஸ்லோ மத்திய நிலையத்திலிருந்து ஏறக்குறைய நாலரை மணி நேரம். பொதுவீதி எதுவும் அங்கே போகாது. ரயிலில் வர வேண்டும், அல்லது நடந்தோ சைக்கிளிலோ வர வேண்டும். ஆகவே வாகன இரைச்சலே கிடையாது.

ஒஸ்லோவில் அரைக்கைச் சட்டையோடு ரயில் ஏறியவர்கள் ஃபின்சே மேடையில் இறங்கியதும் அடுத்த நிமிடமே பையைத் திறந்து கம்பளிச் சட்டை தேடுவதைக் காணலாம். எதிரே ஹார்டங்கர்யோக்குலன் பனிப்பாறை வெள்ளையாகக் கிடக்கும். அதன்மீது உரசி வருகிற காற்று நேரே மேடைக்கு வரும். ஜூலையிலும் பாதையோரத்தில் அழுக்கேறிய பழைய பனித்திட்டுகள் இருக்கும், பிள்ளைகள் முதலில் ஓடுவது அங்கேதான். பகலில் 10, 12 பாகைக்குள் நிற்கும் நாள்கள் நிறைய. 1914இல் ஷாக்கிள்டன் தன் தென்துருவப் பயணத்துக்கு முன்பு கருவிகளைச் சோதிக்க இங்கே வந்தார் என்றால் இடத்தின் தன்மை புரியும். ரயில் பாதை போட்ட தொழிலாளர்களின் கதையைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகமும் நிலையத்தை ஒட்டி உண்டு. இரவு தங்க இடம் கிடைக்காவிட்டால் காலை ரயிலில் போய் ஏரிக்கரையில் நடந்துவிட்டு மாலை ரயிலில் திரும்பலாம். திரும்பும் பயணச்சீட்டையும் முன்கூட்டியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் அந்த ரயில்கள் நிரம்பிவிடும்.

3. முழங்கால் வலியுள்ள அம்மம்மாவுக்கும் மலையைக் காட்டலாம். ஏற முடியாதவர்களைக் கீழே விடுதியில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் போவது எனக்குப் பிடிக்காத வழக்கம். வாகனத்திலேயே உயரத்துக்குப் போகக்கூடிய இடங்கள் இந்நாட்டில் பல உண்டு. லோம் என்ற ஊரிலிருந்து யூவாஸ்ஹித்தா குடில்வரை கட்டண வீதி 1,841 மீற்றர் உயரத்துக்கு ஏறுகிறது. அதுவரை காரில் போய், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே, 2,469 மீற்றர் உயரமான கால்ஹொப்பிக்கன் சிகரப் பக்கத்தையும் பனிப்பாறையையும் பார்க்கலாம். லோமிலிருந்து மேற்கே போகும் சோக்னெஃபியெல் வீதி 1,434 மீற்றர் வரை ஏறும். பல இடங்களில் வாகனத்தை நிறுத்திப் பத்து அடி நடந்தாலே பனி.

ரயிலில்தான் வசதி என்றால் மியூர்டால்–ஃப்லோம் பாதை. 866 மீற்றரிலிருந்து கடல்மட்டம்வரை 20 கிலோமீற்றரில் இறங்குகிறது. அழகு நிறைய, நெரிசலும் நிறைய. உல்லாசக் கப்பல் வந்து நிற்கும் நாளில் ஃப்லோமில் உட்கார இடம் கிடைக்காது. அமைதியும் குளிரும் வேண்டும் என்றால் டொவ்ரெ பாதையில் யெர்க்கின் நிலையத்தைச் சொல்லுவேன். 1,000 மீற்றருக்குச் சற்று மேலே இருக்கிறது. அங்கிருந்து ஸ்னோஹெத்தா மலையைப் பார்க்கும் கண்ணாடிக் கூடம் ஒன்று 2011இல் கட்டப்பட்டது. வாகனத் தரிப்பிடத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் நடை, பாதை செப்பமானது. அந்தச் சமவெளியில் கஸ்தூரி எருதுகள் மேயும். தூரத்தில் நின்று பாருங்கள். 200 மீற்றர் இடைவெளி கட்டாயம், நெருங்கினால் பாய்ந்துவரும்.

4. மழையையும் கணக்கில் எடுங்கள். பேர்கனில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. ஒஸ்லோவில் ஏறக்குறைய 800. மேற்குக் கடற்கரை குளிர்ச்சிதான், ஆனால் ஒரு வாரம் முழுவதும் யன்னலுக்குள் இருந்து மழை பார்க்க நேரலாம். மழைமேகம் மேற்கு மலைகளிலேயே கொட்டித் தீர்த்துவிடுவதால், அவற்றுக்குக் கிழக்கே மறைவில் உள்ள லோம், ஷோக் பகுதிகள் நாட்டிலேயே மிக வறண்டவை. ஷோக்கில் ஆண்டுக்கு 300 மில்லிமீற்றரை ஒட்டியே மழை. அங்கத்தைய கமக்காரர்கள் நூற்றாண்டுகளாக மலையிலிருந்து வாய்க்கால் வெட்டித் தண்ணீர் இறக்கித்தான் பயிர் செய்தார்கள். கிணற்று நீரை வாய்க்காலில் பாய்ச்சி வெங்காயமும் புகையிலையும் வளர்த்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் அந்த வாய்க்கால்களைப் பார்த்தால் நேரம் போவதே தெரியாமல் நின்றுவிடுவார்கள். மழையும் வேண்டாம், வெயிலும் வேண்டாம் என்பவர்களுக்கு இந்தப் பக்கத்தின் உயரமான இடங்கள்தான் என் முதல் தெரிவு.

5. ஃபின்மார்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். 1980களில் இந்நாட்டுக்கு வந்த எம்மவர் பலர் முதலில் வேலை செய்தது வடகோடி மீன் தொழிற்சாலைகளில். ரப்பர் காலணி, பனி அள்ளும் மண்வெட்டி, பொலாக்கும் கொட் மீனும் வெட்டும் நீண்ட மேசை. பின்பு ஒஸ்லோவுக்கு இறங்கி வந்து குடும்பமாகியவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த ஊர்களைப் பார்த்திருக்கிறார்கள்? வார்டோவின் ஜூலைச் சராசரி 10 பாகையை ஒட்டியது. நாட்டின் மிகக் கிழக்கே உள்ள நகரம் அது. கடற்காற்று விடாமல் அடிப்பதால் வெப்ப அலையும் அங்கே வலுக்குறைந்தே வரும். பனிக்குளிரில் தகப்பன் நின்ற இறங்குதுறையில், இரவு பன்னிரண்டு மணி வெயிலில் பிள்ளையோடு நிற்கலாம். இதற்கு ஈடான விடுமுறை வேறொன்றில்லை என்றே நினைக்கிறேன்.

போக வழி: விமானம், அல்லது பேர்கனுக்கும் கிர்க்கனெஸுக்கும் இடையே 34 துறைமுகங்களைத் தொட்டுப்போகும் கரையோரக் கப்பல். 1893இல் தொடங்கிய சேவை. முழுப் பயணத்துக்கும் அறை எடுத்தால் செலவு கூடும். இரண்டு துறைமுகங்களுக்கு இடையே மட்டும், அறையில்லாமல் பகல் பயணியாகப் போக வசதி உண்டு. ட்ரொம்ஸோ வரை பறந்து, அங்கிருந்து ஒரு பகுதியைக் கப்பலில் போவது குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். ட்ரொம்ஸோவில் மே 20 அளவிலிருந்து ஜூலை 22 அளவுவரை சூரியன் மறைவதில்லை. நள்ளிரவுச் சூரியன் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஆகஸ்டில் போய் ஏமாறக்கூடாது.

6. லீவை எப்போது எழுதிக்கொடுப்பது? ஜூன் 1 முதல் செப்டெம்பர் 30 வரையிலான காலத்தில் தொடர்ச்சியாக மூன்று வாரம் விடுமுறை கேட்பதற்கு விடுமுறைச் சட்டம் உரிமை தருகிறது. ஜூலையின் நடுவிலும் கடைசியிலும் நாடே ஒன்றாக லீவு எடுக்கும். குடிலும் ஃபெரியும் அப்போதுதான் விலையேறும். உயர்மலைப் பாதைகளில் ஜூலைத் தொடக்கம்வரை பனி கிடக்கும். ஆகவே மலைக்கு ஆகஸ்ட் முதல் இரண்டு வாரம் மிக நல்லது. நோர்வேக்காரர்கள் வேலைக்குத் திரும்பத் தொடங்கியிருப்பார்கள், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இன்னும் தொடங்கியிராது, புளூபெரி பழுத்திருக்கும். ஜூன் சம்பளத்தோடு வரும் விடுமுறைப் பணத்தில் பயணச் செலவை வேறாக எடுத்துவைத்துவிடுங்கள். அது கூடுதல் சம்பளமில்லை. லீவு நாள்களின் சம்பளம் அதற்குள்தான் அடங்கியிருக்கிறது.

7. படுக்கையறையைப் பற்றி விசாரியுங்கள். வாடகைக் குடிலின் படங்களில் வரவேற்பறையும் காட்சியும்தான் இருக்கும். படுக்கையறை எந்தத் திசை பார்த்தது, யன்னல் திறக்குமா, நுளம்பு வலை உண்டா, இருட்டுத் திரை உண்டா என்ற நாலு கேள்வியையும் எழுதிக் கேளுங்கள். கூரையடி மாடத்தில்தான் பிள்ளைகளின் கட்டில் என்றால் அங்கே சூடு தேங்கும். வடக்கே போகிறவர்கள் இருட்டுத் திரை இல்லாத இடத்தை எடுக்க வேண்டாம். கறுப்புக் குப்பைப் பையும் ஒட்டுநாடாவும் கொண்டுபோனால் எந்த யன்னலையும் இரண்டு நிமிடத்தில் இருட்டாக்கலாம்.

8. மலையேறுவோர் சங்கத்தில் சேர்ந்துகொள்ளுங்கள். 1868இல் தொடங்கிய நோர்வே சுற்றுலாச் சங்கத்துக்கு நாடு முழுவதும் 550க்கு மேற்பட்ட குடில்கள் உண்டு. எங்கள் ஆட்களில் இன்னும் அதிகம் பேர் இதைப் பயன்படுத்தாதது எனக்கு ஆதங்கம். குடில்கள் மூன்று வகை. ஆள் இருந்து சமைத்துத் தருவது ஒன்று. உணவுப் பொருள் அடுக்கியிருக்கும், நாமே சமைத்து, எடுத்ததற்குக் கணக்கு எழுதிக் காசு கட்டுவது இன்னொன்று. படுக்கையும் அடுப்பும் விறகும் மட்டும் இருப்பது மூன்றாவது. பின்னைய இரண்டு வகையிலும் பூட்டியிருக்கும் குடில்களுக்குச் சங்கத்தின் பொதுத் திறப்பு ஒன்று உண்டு. அங்கத்தவர்கள் முற்பணம் கட்டி வாங்கிக்கொள்ளலாம்.

அங்கே யாரும் கண்காணிப்பதில்லை. வந்தவர் ஓடையில் தண்ணீர் அள்ளிவைத்து, விறகு பிளந்துவைத்து, தரை கூட்டிவிட்டுப் போக வேண்டும். அடுத்து வருகிறவருக்கு அடுப்பு மூட்ட விறகு இருக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பழக்கம் எந்த விடுதியும் தராது. ஒவ்வொருவருக்கும் ஒரு படுக்கை உறை கொண்டுபோங்கள். பாதை முழுவதும் கல்லில் சிவப்பு ‘ரி’ எழுத்து இருக்கும். அதை விட்டு விலக வேண்டாம்.

9. கூடாரம் அடிக்கிறவர்கள் இவற்றை மனதில் வையுங்கள். 1957ஆம் ஆண்டின் வெளிப்புறச் சட்டப்படி, வேலியடைக்காத காட்டிலும் மலையிலும் யாரும் கூடாரம் அடிக்கலாம். ஆட்கள் இருக்கும் வீட்டுக்கும் குடிலுக்கும் 150 மீற்றர் தள்ளி இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவுக்கு மேல் தங்க அனுமதி கேட்க வேண்டும். ஊர்களுக்கு வெகுதூரத்தில் உள்ள உயர்மலையில் இந்தத் தடை தளரும். ஏப்ரல் 15 முதல் செப்டெம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் நெருப்பு மூட்டக்கூடாது. இறைச்சி சுடும் தகரத் தட்டும் இதில் அடங்கும்.

10. சாப்பாட்டுப் பெட்டியை யோசித்து அடுக்குங்கள். வழியில் வாங்கிச் சாப்பிட்டால் நாலு பேர் குடும்பத்துக்குப் பயணச் செலவில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். ஆட்டிறைச்சிக் கறியைச் சப்பைப் பெட்டிகளில் ஊற்றி முதல் நாளே உறைய வையுங்கள். குளிர்ப்பெட்டியில் ஐஸ்கட்டிக்குப் பதிலாக அதுவே இருக்கும், இரண்டாம் நாள் இளகியதும் சாப்பாடு. ரொட்டியும் கட்டைச் சம்பலும் முதல் நாளுக்கு. இடியப்பத்தைவிடப் புட்டு பயணத்துக்குத் தோது: வறுத்த மாவும் உலர்ந்த தேங்காய்ப்பூவும் கெடாது, சுடுதண்ணீர் கிடைத்தால் போதும், எந்தப் பாத்திரத்திலும் துணிகட்டி அவித்துவிடலாம்.

உயரத்தில் சமைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் தண்ணீரின் கொதிநிலை குறையும். ஃபின்சே உயரத்தில் 96 பாகையிலேயே கொதித்துவிடும். துவரம் பருப்பும் கடலையும் வேகவே வேகாது என்று அலுத்துக்கொள்வதற்குக் காரணம் அதுதான். மைசூர்ப் பருப்புக் கொண்டுபோங்கள். புழுங்கலரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து அடுப்பில் ஏற்றுங்கள். மீன் பொரிப்பதையும் தாளிப்பதையும் குடிலுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். மரச்சுவரில் ஏறிய வாசனை அடுத்த குடும்பம் வந்த பிறகும் போகாது.

ஞாயிறில் பெரிய கடைகள் பூட்டு. 100 சதுர மீற்றருக்கு உட்பட்ட சின்னக் கடைகளே திறந்திருக்கும். சனி மாலைக்குள் வாங்கி முடியுங்கள்.

11. தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பால் கலந்த பச்சை நிறத்தில் ஓடும் ஆறு பனிப்பாறையிலிருந்து நேரே வருவது. வெளியே 25 பாகை வெயில் அடித்தாலும் உள்ளே உறைநிலையை ஒட்டியே இருக்கும். அதில் குதித்தால் முதல் நிமிடத்திலேயே மூச்சுத் திணறும், கைகால் சொல்வழி கேளாது. பிள்ளைகளைக் கரையோரத்திலும் தனியே விட வேண்டாம். குளிக்க ஆசை என்றால் காட்டுக்குள் இருக்கும் ஆழமில்லாத ஏரிகளைத் தெரிவு செய்யுங்கள். படகில் போவதென்றால், எட்டு மீற்றருக்குக் குறைந்த படகில் ஓடும்போது எல்லோரும் மிதவை அங்கி அணிய வேண்டும் என்று 2015 மே முதல் சட்டமே இருக்கிறது. சேலை, வேட்டிக்கு மேலும் அணியத்தான் வேண்டும். பனிப்பாறையின் முகப்பில் கயிறு கட்டித் தடுத்திருந்தால், படம் எடுப்பதற்காகக்கூட அதைத் தாண்ட வேண்டாம்.

12. பூச்சிகள். உண்ணி அதிகம் இருப்பது ஒஸ்லோ ஃபியோர்டிலிருந்து தெற்குக் கரையோரமாக, உயரம் குறைந்த புல்வெளிகளிலும் புதர்களிலும். நாள் முடிவில் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, கக்கம், காதுப் பின்புறம், தலைமயிர் எல்லைவரை தடவிப் பாருங்கள். கண்டால் முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே இழுங்கள். எண்ணெய் பூச வேண்டாம். சில நாளில் சிவப்பு வட்டம் பரவினால் வைத்தியரிடம் காட்டுங்கள். நுளம்பு மிகக் கூடுதலாக இருப்பது ஃபின்மார்க்கின் உள்நாட்டுச் சமவெளியில், ஜூன் கடைசியிலும் ஜூலையிலும். காற்றடிக்கும் கரையோரத்தில் தொல்லை குறைவு.

13. உடுப்பு. உள்ளே மெல்லிய கம்பளி, நடுவே கம்பளிச் சட்டை, வெளியே காற்றும் மழையும் புகாத மேலங்கி. பருத்தி நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் எடுத்துவிடும். மலைக்கு ஜீன்ஸ் வேண்டாம். ஒரு வாரத்துக்காக எல்லாவற்றையும் விலைக்கு வாங்கவும் வேண்டாம். ‘பூவா’ என்ற இலவச இரவல் நிலையங்கள் நாடு முழுவதும், ஒஸ்லோவிலும் உண்டு. கூடாரம், முதுகுப்பை, மிதவை அங்கி எல்லாம் எடுக்கலாம். ஜூலை வார இறுதிக்கு முன்பே போங்கள், பிந்தினால் தட்டு வெறுமையாகிவிடும்.

14. வெளிநாட்டிலிருந்து வரும் உறவுகளுக்கு ஒஸ்லோவில் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து இறங்கிய கையோடு 1,200 மீற்றருக்கு ஏற்றினால் வயதானவர்களுக்குத் தடிமனும் மூட்டு வலியும் வரும். தொப்பியும் காலுறையும் முதல் நாளே எடுத்துக் கொடுங்கள். நீரிழிவு உள்ளவரின் இன்சுலினை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட வேண்டாம். குளிர்ப்பெட்டியில் ஐஸை ஒட்டியும் வைக்க வேண்டாம், உறைந்த மருந்து பயன்படாது. குளிரில் தாகம் தெரியாது என்பதால் சுடுதண்ணீர்ப் போத்தலில் தேத்தண்ணீர் ஊற்றி அடிக்கடி கொடுங்கள். அவசர மருத்துவ இலக்கம் 113. அதைக் கொட்டை எழுத்தில் எழுதி அவர்களின் சட்டைப்பைக்குள் வைத்துவிடுங்கள்.

15. லீவு கிடைக்காதவர்களுக்கு ஒஸ்லோவுக்குள்ளேயே. ரி-பான 1ஆம் இலக்கத்தில் ஏறிக் கடைசி நிலையமான ஃப்ரோங்னெர்சேத்தெரனில் இறங்குங்கள். 469 மீற்றர் உயரம். நகரத்தைவிட மூன்று பாகை குறைவாக இருக்கும், காட்டுநிழலில் இன்னும் குறைவாகத் தெரியும். 5ஆம் இலக்கத்தில் போனால் சோங்ஸ்வான் ஏரி. சுற்றிவரும் பாதை மட்டமானது, தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் போகும். நகர மண்டபத்தை ஒட்டிய துறையிலிருந்து சாதாரணப் பயணச்சீட்டிலேயே தீவுகளுக்குப் படகு ஏறலாம். ஹோவெடோயாவில் 1147இல் தொடங்கிய துறவிமடத்தின் இடிபாடுகளும் மரநிழலும் உண்டு. வெயில் உச்சமான பகலில், 2020இல் திறந்த பியோர்விக்கா நூலகம் பிள்ளைகளுக்கு நல்ல தஞ்சம்.

16. ஊருக்குப் போகிறவர்கள். நல்லூர்த் திருவிழாவுக்கென்று பலர் ஜூலை, ஆகஸ்டிலேயே யாழ்ப்பாணம் போகிறோம். 25 நாள் திருவிழா. வடக்கில் அது வறண்ட வெயில் காலம். இடையில் சில நாள் மலையகத்துக்குப் போக நினைத்தால் நுவரெலியாவை மட்டும் யோசிக்காதீர்கள். 1,868 மீற்றர் உயரம், குளிர் உண்டு. ஆனால் அந்த மாதங்களில் தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் பெய்யும், நுவரெலியாவிலும் மழையும் மூட்டமும் கூடுதல். மலைமுகட்டுக்குக் கிழக்கே, ஊவாப் பக்கத்தில் உள்ள பண்டாரவளை, ஹப்புத்தளை, எல்ல அப்போது மழை மறைவில் இருக்கும். லோமுக்கும் பேர்கனுக்கும் உள்ள அதே வேறுபாடுதான் இங்கும். 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மலையக ரயில் பாதைக்கும் வீதிகளுக்கும் பெரும் சேதம் விளைவித்தது. எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று புறப்படுவதற்கு முன்பு விசாரித்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டுக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்கு. ஜூலையில் நீலகிரியின் மேற்குப் பக்கம் நனைந்துகொண்டிருக்கும். கொடைக்கானலுக்குப் பெருமழை அக்டோபருக்குப் பிறகு வரும் வடகிழக்குப் பருவக்காற்றில்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் போக இணையவழி அனுமதிச்சீட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. வாடகை வண்டிக்காரர் எடுத்துவிட்டாரா என்று கேட்டு உறுதிசெய்யுங்கள்.

17. கடைசி முடிவை வானிலை பார்த்து எடுங்கள். ‘யிர்’ செயலியில் ஊரின் பெயரைப் போடாமல் குடிலின் சரியான இடத்தையே தேடுங்கள். பள்ளத்தாக்குக்கும் மேட்டுக்கும் முன்னறிவிப்பு வேறுபடும். பத்து நாளுக்கு அப்பால் சொல்வதை நம்பித் தங்குமிடக் காசு கட்ட வேண்டாம். மேற்கில் ஒன்றும் கிழக்கில் ஒன்றுமாக, இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய இரண்டு இடங்களைப் பதிவுசெய்து வைத்து, நாலு நாளுக்கு முன்பு ஒன்றை விட்டுவிடுங்கள். ரத்துச் செய்யும் கடைசி நாளை நாட்காட்டியில் குறிக்க மறக்க வேண்டாம்.

வெள்ளம், மண்சரிவு எச்சரிக்கைகளை ‘வார்சம்’ தளத்தில் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ‘ஹான்ஸ்’ புயல்மழையில் கிழக்குப் பள்ளத்தாக்குகள் மூழ்கின. ரிங்கெபூவில் டொவ்ரெ பாதையின் ரயில் பாலமே ஆற்றில் விழுந்து, மாதக்கணக்கில் ரயில் ஓடவில்லை. செம்மஞ்சள் எச்சரிக்கை வந்தால் ஆற்றங்கரைக் கூடாரத்தை அன்றைக்கே கழற்றி மேட்டுக்குப் போங்கள். செம்மஞ்சளுக்கு மேலே சிவப்பு என்றால் பயணத்தையே தள்ளிவையுங்கள்; குடில் அடுத்த வாரமும் அங்கேதான் இருக்கும்.